மலிவு விலை ரீசார்ஜ் பற்றரி: ஒன்லைனில் வாங்குவதற்கு முன் கொழும்பில் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலத்தில்தான் கொழும்பு வீடுகளுக்குள் பவர் பேங்க், ரீசார்ஜ் லைட், ரவுட்டர் யூபிஎஸ் (கரண்ட் நின்றாலும் ரவுட்டரை ஓட்டும் சின்னப் பற்றரிப் பெட்டி) எல்லாம் கூட்டமாக நுழைந்தன. அவற்றின் பற்றரிகள் இப்போது ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று மாட்டி முழு நாடும் இருண்டதே, அப்படி ஒரு நாள் வந்தால் போதும், எல்லாரும் போனை எடுத்து மலிவாகப் பற்றரி தேடத் தொடங்கிவிடுகிறார்கள். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வட்ஸ்அப் குழுவிலும் சொந்தக்காரர்களிடமிருந்தும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

18650 பற்றரி, 9900 எம்ஏஎச் என்று போட்டிருக்கிறது, விலையும் சில நூறு ரூபாதான். வாங்கலாமா?

வேண்டாம். 18650 என்பது பற்றரியின் அளவு: 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். டோர்ச், சின்ன மின்விசிறி, ரவுட்டர் யூபிஎஸ், பழைய லப்டொப் பற்றரி எல்லாவற்றுக்குள்ளும் பெரும்பாலும் இதுதான் இருக்கும். எம்ஏஎச் என்பது பற்றரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்று காட்டும் எண், அதாவது அதன் கொள்ளளவு. இந்த அளவுக்குள் அடைக்கக்கூடிய சக்திக்கு ஓர் எல்லை இருக்கிறது. பனசோனிக், எல்ஜி, சாம்சுங், மொலிசெல் போன்றவர்கள் எத்தனையோ வருடம் உழைத்து 3500, 3600 எம்ஏஎச் வரை கொண்டுவந்திருக்கிறார்கள், அண்மையில் வந்த மிகச் சிலவற்றில் அதைவிடக் கொஞ்சம் கூட இருக்கலாம். உலகத்தில் இருக்கும் பெரிய தொழிற்சாலைகளால் முடியாததை, பெயர் தெரியாத ஒருவர் அதன் கால்வாசி விலைக்கு மூன்று மடங்காகச் செய்து தருகிறார் என்றால் அங்கே பொய்யாக இருப்பது அந்த உறையில் அச்சடித்த எண்தான். இப்படி 9900, 8800, 12000 என்று எழுதிய பற்றரிகளைச் சோதனைக் கருவியில் போட்டுப் பார்த்தவர்களுக்கு ஆயிரத்தை ஒட்டியோ அதற்கும் கீழேயோதான் கிடைத்திருக்கிறது.

ஆகவே 18650இல் 4000ஐத் தாண்டிய எண்ணைக் கண்டால் மேலே எதுவும் வாசிக்க வேண்டாம், அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். விலை, நட்சத்திரம், இலவச டெலிவரி எதுவும் அதற்குப் பிறகு முக்கியமில்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டேன். வீட்டில் வைத்தே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. நிறுத்துப் பாருங்கள். நல்ல 18650 ஒன்று 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். கேக் செய்ய வைத்திருக்கும் டிஜிட்டல் தராசு போதும். 30 கிராம், 35 கிராம் என்று வந்தால் உள்ளே இருக்க வேண்டியது இல்லை. சிலவற்றைப் பிரித்துப் பார்த்தவர்கள் பெரிய டப்பாவுக்குள் ஒரு குட்டிப் பற்றரியை வைத்து மீதி இடத்தை வேறு எதையோ போட்டு நிரப்பியிருந்ததையும் கண்டிருக்கிறார்கள். (நீங்கள் பிரிக்காதீர்கள். லித்தியம் பற்றரியை வெட்டுவது, குத்துவது, நெளிப்பது எல்லாமே தீயில் முடியக்கூடிய வேலை.)

ஆனால் எடை சரியாக இருந்தால் பற்றரி நல்லது என்று அர்த்தமில்லை. பழைய லப்டொப் பற்றரிகளில் இருந்து கழற்றி எடுத்து, புது நிற உறை போட்டு, புதிது என்று விற்பவையும் எடையில் சரியாகத்தான் இருக்கும். அதற்குச் சோதனை வேறு: கொள்ளளவை அளக்கும் சார்ஜர் ஒன்றில் போட்டு முழுதாக ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். இலத்திரனியல் படிக்கும் பிள்ளைகள் யாராவது பக்கத்தில் இருந்தால் அவர்களிடம் பெரும்பாலும் ஒன்று இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

சாம்சுங், சோனி என்று பெயர் போட்டதைத்தான் வாங்கினேன். அதுவுமா?

அதுவும்தான். உறை என்பது வெறும் பிளாஸ்டிக் சுருள், எந்தப் பெயரையும் அடிக்கலாம், சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான் வேலை. சோனி தனது பற்றரித் தொழிலையே 2017இல் முராட்டாவுக்குக் கொடுத்துவிட்டது, அப்படியிருக்க ‘புத்தம் புதிய சோனி’ என்று இன்றைக்கு ஒருவர் விற்றால் கேள்வி கேட்க வேண்டியதுதான்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பெரிய தயாரிப்பாளர்கள் 18650ஐத் தனித்தனியாக நம்மைப் போன்றவர்களுக்கு விற்பதற்காகச் செய்வதில்லை. லப்டொப், மின்கருவி, வாகனம் செய்யும் கம்பனிகளுக்கு, பாதுகாப்புச் சுற்றோடு சேர்த்துப் பொதியாக்குவதற்காகக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவின் நுகர்வோர் உற்பத்திப் பாதுகாப்பு ஆணைக்குழு 2021 ஜனவரியில், தனியாக விற்கப்படும் 18650 பற்றரிகளை வாங்கவோ பயன்படுத்தவோ வேண்டாம் என்று நேரடியாகவே எச்சரித்தது. பையில் சாவியோடோ சில்லறையோடோ ஒன்றாகக் கிடந்தாலே ஷோர்ட் ஆகிவிடும் என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

கொள்ளளவு குறைவு, காசு நட்டம், சரி. ஆபத்து என்று ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

காசு மட்டும் என்றால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

லித்தியம் அயன் பற்றரிக்குள் நேர் தகடும் மறை தகடும் மிக மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றால்தான் பிரிக்கப்பட்டிருக்கின்றன. சுற்றி இருக்கும் திரவம் எரியக்கூடியது. தயாரிக்கும்போது ஒரு உலோகத் துகள் உள்ளே விழுந்தாலோ, தாள் சரியாகப் பொருந்தாவிட்டாலோ, 4.2 வோல்ட்டைத் தாண்டிச் சார்ஜ் ஏறினாலோ உள்ளே சூடு கூடத் தொடங்கும். கிட்டத்தட்ட 130 பாகை செல்சியஸில் அந்தத் தாளே உருகும், அதற்குப் பிறகு இரண்டு தகடும் ஒன்றையொன்று தொட்டு, அந்தச் சூட்டில் இன்னும் சூடு பிறந்து, நிறுத்த முடியாத நிலைக்குப் போய்விடும். சில வினாடிகளில் புகை, அப்புறம் தீ. ஒரு பொதியில் பல பற்றரிகள் இருந்தால் ஒன்று மற்றதைப் பற்றவைக்கும். அந்தப் புகையில் ஹைட்ரஜன் புளோரைட் போன்ற நச்சு வாயுக்களும் வரும்.

நல்ல தயாரிப்பில் இதைத் தடுக்க ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பாதுகாப்பு வைத்திருப்பார்கள்: அழுத்தம் கூடினால் மின்னோட்டத்தை வெட்டும் வால்வு, சூடேறினால் தடையைக் கூட்டும் வளையம், வெளியே ஒரு சின்ன மின்சுற்றுப் பலகை. மலிவுப் பற்றரியில் முதலில் வெட்டப்படும் செலவு இவைதான், ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் அவை இருக்கிறதா இல்லையா என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

இவ்வளவு கவனம் எடுப்பவர்களுக்கே தவறுகிறது. 2016இல் சாம்சுங் நோட் 7 போன்கள் தீப்பிடித்து முழுதாகத் திரும்பப் பெறப்பட்டன. இரண்டு வெவ்வேறு பற்றரித் தயாரிப்பாளர்களிடம் இரண்டு வெவ்வேறு குறை இருந்ததாக அடுத்த ஜனவரியில் விளக்கம் சொன்னார்கள். 2006இல் சோனி செய்த பற்றரிகளுக்காக டெல் மட்டும் 41 லட்சம் லப்டொப் பற்றரிகளைத் திரும்பக் கேட்டது. அவர்களைத் தேடிப்பிடித்துக் கேள்வி கேட்க ஒரு முகவரி இருந்தது. மூன்று எழுத்துப் பெயரில் கடை திறந்து அடுத்த மாதம் வேறு பெயரில் வரும் விற்பனையாளரை யார் கேட்பது?

ஐந்து நட்சத்திரமும் ஆயிரக்கணக்கான நல்ல கருத்துகளும் இருக்கின்றனவே?

பார்சல் வந்த அன்றைக்கு எழுதியவை அவை. ‘வேகமாக வந்தது, நன்றாகப் பொதி செய்திருந்தது, லைட் எரிகிறது’. எத்தனை பேர் கொள்ளளவை அளந்து பார்த்துவிட்டு எழுதினார்கள், எத்தனை பேர் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து எழுதினார்கள் என்று தேடுங்கள். ஒரு நட்சத்திரக் கருத்துகளை முதலில் வாசியுங்கள், அதில் ‘சூடாகிறது’, ‘ஊதிவிட்டது’ என்று இரண்டு பேர் சொல்லியிருந்தாலே எனக்குப் போதும்.

ரிமோட், கடிகாரம், விளையாட்டுச் சாமானுக்குப் போடும் ரீசார்ஜ் பென்டோர்ச் பற்றரி?

இது பெரும்பாலும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் வகை, 1.2 வோல்ட். லித்தியம் போல வெடித்து எரியும் பயம் இதில் மிகக் குறைவு. ஏமாற்று மட்டும் அதேதான். டபுள் ஏ அளவில் உண்மையான உச்சம் 2700, 2800 எம்ஏஎச் அளவில் நின்றுவிடும், டிரிபிள் ஏயில் ஆயிரத்தை ஒட்டி. 3800, 4600 என்று எழுதியவை எல்லாம் வெறும் மை. சான்யோ 2005இல் கொண்டுவந்த எனலூப் பற்றரி (இப்போது பனசோனிக்கின் பெயரில் வருகிறது) தன்மேல் வெறும் 2000 எம்ஏஎச் அளவைத்தான் எழுதிக்கொள்கிறது, ஆனால் அலுமாரியில் ஒரு வருடம் கிடந்தாலும் பெரும்பகுதிச் சார்ஜ் அப்படியே இருக்கும். நேர்மையான சின்ன எண்ணைத் தேடி வாங்குங்கள், இந்த வகைக்கு அதுவே போதுமான சோதனை.

யூஎஸ்பி துளை வைத்த 1.5 வோல்ட் லித்தியம் டபுள் ஏ?

நல்ல யோசனைதான், உள்ளே ஒரு சின்ன லித்தியம் பற்றரியும் வோல்ட்டைக் குறைக்கும் சுற்றும் இருக்கும். இரண்டு விஷயம் கவனியுங்கள். பெரிதாக 3400 என்று எழுதியிருந்தால் பக்கத்தில் எம்ஏஎச் இருக்கிறதா, எம்டபிள்யூஎச் இருக்கிறதா என்று பாருங்கள். எம்டபிள்யூஎச் என்பது சக்தியின் அளவு, அதை வோல்ட்டால் வகுத்தால்தான் எம்ஏஎச் வரும். 3400 எம்டபிள்யூஎச் என்றால் 1.5 வோல்ட்டில் அது 2300க்கும் குறைவான எம்ஏஎச்தான். அப்புறம், இதை எந்தக் காரணத்துக்காகவும் சாதாரண நிக்கல் பற்றரிச் சார்ஜரில் போடாதீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் தாங்களே பற்றரி மாற்றுகிறவர்களாக இருந்தால் இரண்டு வகையையும் ஒன்றாக வைத்திருக்காமல் இருப்பதே நல்லது.

பவர் பேங்க்? 50000 எம்ஏஎச் ஒன்று பார்த்தேன், கைக்கு அடக்கமாக இருக்கிறது.

கணக்குப் போடுவோம். பவர் பேங்கில் எழுதும் எம்ஏஎச், உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பற்றரிக்கு உரியது. அந்த எண்ணை 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் சக்தி வாட் மணியில் வரும், 20000 என்றால் 74 வாட் மணி. இவ்வளவையும் தாங்க பற்றரிக்கு மட்டுமே ஏறக்குறைய 300 கிராமுக்கு மேல் வேண்டும், உறையும் சேர்ந்தால் இன்னும் கூடும். 20000 என்று சொல்லி 200 கிராமில் வந்தால் பொய். 50000 என்றால் 185 வாட் மணி, அது கைக்கு அடக்கமாக இருக்கவே முடியாது.

இந்த 185 இன்னொரு இடத்திலும் மாட்டும். கட்டுநாயக்காவில் இருந்து விமானம் ஏறும்போது பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், 100 வாட் மணி வரை, அதாவது சுமார் 27000 எம்ஏஎச் வரை சாதாரணமாக விடுவார்கள், 160 வரை விமானக் கம்பனியின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் இல்லை. உள்ளே ஐயாயிரம்தான் இருந்தாலும் வெளியே 50000 என்று எழுதியிருந்தால் பரிசோதனையில் எடுத்துவிடலாம். 2025 ஜனவரி 28ஆம் திகதி தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் எயார் புசான் விமானம் ஒன்று புறப்படுவதற்கு முன்பே எரிந்தது. பயணிகள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். பவர் பேங்க் ஒன்றுக்குள் ஏற்பட்ட பழுது காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் வந்தது. அதே வருடம் ஜூன் கடைசியிலிருந்து சீனா தன் உள்நாட்டு விமானங்களில் 3சி முத்திரை (சீனாவின் கட்டாயத் தரச் சான்று) இல்லாத பவர் பேங்குகளைத் தடைசெய்தது. நமக்கு வரும் மலிவுச் சாமான் பெரும்பகுதி எங்கே செய்யப்படுகிறது என்பதை நினைத்துக்கொண்டு இதை வாசியுங்கள்.

ரவுட்டர் யூபிஎஸ் இருபத்துநான்கு மணித்தியாலமும் பிளக்கில்தான் இருக்கிறது. பரவாயில்லையா?

எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். போனை நாம் கையில் வைத்திருக்கிறோம், சூடானால் தெரியும். இது வரவேற்பறை மூலையில், ரவுட்டருக்குப் பின்னால், திரைச்சீலைக்குக் கீழே, வருடக்கணக்காக யாரும் தொடாமல் கிடக்கும்.

12 வோல்ட் யூபிஎஸ் சிலவற்றுக்குள் மூன்று 18650 பற்றரிகளை வரிசையாகக் கோர்த்திருப்பார்கள். முழுச் சார்ஜ் 12.6 வோல்ட். மூன்றும் ஒரே தரத்தில் இருந்தால் ஆளுக்கு 4.2 என்று சமமாகப் பிரியும். பழையது, புதியது என்று கலந்து போட்டிருந்தால் பலவீனமான பற்றரி முதலில் நிறைந்து 4.2ஐத் தாண்டும், மற்ற இரண்டும் பின்தங்கும், ஆனால் மொத்தம் 12.6தான் என்பதால் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்கத் தெரியாத சார்ஜருக்கு ஒன்றுமே தெரியாது. இது ஒவ்வொரு நாளும் நடக்கிறது. மூன்றையும் சமப்படுத்தும் சுற்று இருந்தால் பிரச்சினை இல்லை, மலிவானவற்றில் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

நேரக் கணக்கும் பாருங்கள். 2200 எம்ஏஎச் பற்றரி மூன்று என்றால் சுமார் 24 வாட் மணி. பைபர் ரவுட்டர் ஒன்று 10 வாட் அளவு எடுத்தால் இரண்டு மணித்தியாலம் ஓடும். ‘எட்டு மணித்தியாலம்’ என்று அந்தச் சின்னப் பெட்டியில் எழுதியிருந்தால் மீதி விவரங்களையும் அதே அளவுதான் நம்பலாம்.

முடிந்தால் லித்தியம் அயர்ன் பொஸ்பேட் (LiFePO4, இரும்பு சேர்ந்த வேறொரு லித்தியம் வகை) போட்டதை, இலங்கையில் உத்தரவாதம் தரும் கடையில் வாங்குங்கள், விலை கூடத்தான், ஆனால் அந்த இரசாயனம் சூட்டைத் தாங்குவதில் மற்றதைவிட எவ்வளவோ மேல். ஒன்று மட்டும்: அதன் முழுச் சார்ஜ் 3.65 வோல்ட். சாதாரண லித்தியம் அயனுக்குச் செய்த 4.2 வோல்ட் யூபிஎஸ்ஸில் பற்றரியை மட்டும் கழற்றி இதைப் போடக்கூடாது. பெட்டியை டைல்ஸ் தரையில், காற்று படும் இடத்தில் வையுங்கள். ரவுட்டருக்கு மேலே வைக்காதீர்கள். முக்கியமாக, வீட்டின் வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். நம் தொடர்மாடி வீடுகள் பலவற்றுக்கு வெளியே போக ஒரே ஒரு கதவுதான்.

போன் பற்றரி மாற்ற வேண்டும், ஒன்லைனில் ‘ஒரிஜினல்’ பாதி விலைக்கு இருக்கிறது.

தனியாக மூன்றாம் ஆளிடம் விற்பனைக்கு வரும் ‘ஒரிஜினல்’ பெரும்பாலும் ஒரிஜினல் இல்லை. பெரும்பாலான போன் பற்றரிகளுக்குக் கெட்டியான உலோக உறைகூடக் கிடையாது, அலுமினியத் தாளும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த மெல்லிய பைதான், ஒட்டும்போது நெளிந்தாலே கெட்டுவிடும். கம்பனியின் அங்கீகாரம் பெற்ற சேவை நிலையத்தில் மாற்றுங்கள். போன் அதற்கு லாயக்கில்லாத பழசு என்றால், பற்றரிக்கு எழுத்தில் உத்தரவாதம் தரும் கடையைப் பாருங்கள்.

ஒன்லைன் வேண்டாம், புறக்கோட்டையில் நேரே வாங்கினால்?

முதலாம் குறுக்குத் தெருவில் தொங்குவதும் போனில் காட்டுவதும் பல நேரம் ஒரே கொள்கலனில் வந்த சாமான்தான். ஆனால் கையில் எடுத்து எடை பார்க்கலாம், பில் வாங்கலாம், பிரச்சினை என்றால் அதே அண்ணாவிடம் திரும்பிப் போகலாம். அது சின்ன விஷயமில்லை. பில்லில் மாதிரி எண்ணையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள், தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

ஒன்லைனில் ஏமாந்துவிட்டேன். யாரிடம் முறையிடுவது?

முதலில் அந்தத் தளத்தின் திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் முறைப்பாட்டைப் போடுங்கள். விளம்பரப் பக்கத்தின் படம், தராசில் வைத்த படம், சோதனைக் கருவியின் அளவு மூன்றும் இருந்தால் வாதாட்டம் குறையும். விற்றவர் இலங்கைக்காரர் என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை 1977இல் அழைக்கலாம், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த சபை அது. வெளிநாட்டு விற்பனையாளர் என்றால் தளம் தரும் பாதுகாப்பைத் தவிர உங்களுக்குக் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை, வாங்கும் முன்பே அதை யோசியுங்கள்.

பற்றரி ஊதியிருக்கிறது. என்ன செய்வது?

சார்ஜில் இருந்தால் உடனே கழற்றுங்கள், இனி அதைச் சார்ஜ் செய்யவே வேண்டாம். அமுக்கிப் பார்க்காதீர்கள். பல்கனியில், வெயில் படாத இடத்தில், மண் சட்டி போல எரியாத ஒன்றில் தனியாக வையுங்கள்.

புகை வந்தாலோ தீப்பிடித்தாலோ, எட்ட முடிந்தால் ட்ரிப் சுவிட்சை இறக்குங்கள், எல்லாரையும் வெளியே அனுப்பி 110க்கு அழையுங்கள், பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்கள். லித்தியத்துக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று பலர் நம்புகிறார்கள். போன், பவர் பேங்க் போன்ற ரீசார்ஜ் பற்றரிக்கு அது பொருந்தாது. கரண்ட் துண்டித்த பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றுவதுதான் சூட்டைக் குறைக்கும். ஆனால் அறை புகையால் நிறைந்துவிட்டால் ஊற்ற நிற்காதீர்கள். அணைந்தது போலத் தெரிந்தாலும் சில மணித்தியாலம் கழித்து மறுபடி பற்றக்கூடும், அதைத் தூக்கி உள்ளே கொண்டுவராதீர்கள்.

செத்த பற்றரியைக் குப்பையோடு போடலாமா?

கூடாது. குப்பை லொறியில் அமுக்கும்போது நசுங்கி உள்ளேயே தீப்பிடிக்கும், பக்கத்தில் நிற்பது மாநகர சபைத் தொழிலாளிகள். இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வையுங்கள். மின்கழிவு எடுப்பதற்கு அனுமதி பெற்ற நிறுவனங்களின் விவரம் மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் இருக்கிறது. எங்கள் தொடர்மாடியில் கீழே காவலாளி அறைக்கு வெளியே மூடியுள்ள ஒரு உலோகப் பெட்டி வைத்திருக்கிறோம், நிறைந்ததும் ஒருவர் பொறுப்பெடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். உங்கள் கட்டடத்திலும் முகாமைத்துவக் குழுவிடம் கேளுங்கள், ஒரு பெட்டிதான் செலவு.